கரண்ட் வைத்தால் கைவிட்டதாக அர்த்தமா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றித்தான், அதிலும் 'முத்திப்போச்சு, ஆபரேஷன் கிடையாது, கரண்ட்தான் வைக்கணும்னு சொல்லிட்டாங்க' என்ற ரகம். கதிர்வீச்சு என்று நாங்கள் ஃபைலில் எழுதுவோம், வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கரண்ட் வைக்கிறது, லைட் வைக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் மின்சாரம் உடம்புக்குள் பாய்வதில்லை, ஷாக் அடிக்காது, சுடாது. ஆனாலும் சென்னையில் முப்பது வருஷம் இந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்தச் சொல் எனக்கும் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே. மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. தூரம் நின்று நாலு வருஷம் ஆகிறது. ஆறு மாதமாக நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், நடுநடுவே ரத்தம். எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது சதை டெஸ்ட் எடுத்து மூணு பி ஸ்டேஜ் என்கிறார்கள். ஆபரேஷன் செய்ய முடியாது, கரண்டும் கீமோவும்தான் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவோ, 'ஆபரேஷன் இல்லேன்னாலே கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம், கடனை உடனை வாங்கி வேற இடத்துல எடுத்துடலாம்' என்கிறார். என்ன செய்வது?
– ஒரு மகள், அயனாவரம்

பதில்: சித்தப்பாவிடம் இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கைவிட்ட நோயாளியை யாரும் ஐந்து வாரம் தினமும் வரவழைத்து மிஷினில் படுக்க வைத்து, வாரத்துக்கு ஒரு கீமோ போட்டு, அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கைவிட்டால் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கிற முழு சிகிச்சை.

ஏன் கத்தி வேண்டாம் என்கிறார்கள்? கர்ப்பப்பையை ஒரு சின்ன சுரைக்குடுக்கையைத் தலைகீழாக வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்துதான் வாய்ப்பகுதி. முன்னால் மூத்திரப்பை ஒட்டியிருக்கிறது, பின்னால் மலக்குடல், இரண்டு பக்கமும் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் கிட்டத்தில் ஓடுகின்றன. கட்டி கழுத்துக்குள் சின்னதாக இருக்கும்வரை சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். ஸ்டேஜ் இரண்டு பி என்றால் பக்கத்துச் சதைக்குப் பரவிவிட்டது, மூணு பி என்றால் இடுப்பெலும்புச் சுவரைத் தொட்டுவிட்டது அல்லது சிறுநீர்க் குழாயை அடைத்துவிட்டது. அதற்கு அப்பால் வெட்டுவதற்கு இடம் ஏது? பழைய வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஆலஞ்செடி முளைக்கும் பார்த்திருப்பீர்கள், வெளியே தெரிவதை வெட்டினால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும், வேர் செங்கலுக்குள் போய்விட்டது. கரண்ட் அந்தச் செங்கல் இடுக்கு வரைக்கும் போகும், கத்தி போகாது.

'சரி, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் வெட்டினால்?' என்றும் கேட்பார்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், மும்பை டாட்டா மெமோரியலில், 633 பெண்களிடம், அதுவும் உங்கள் அம்மாவைவிட முந்தின கட்டத்தில் இருந்தவர்களிடம். 2018ல் வந்த முடிவு: கீமோ கொடுத்து ஆபரேஷன் செய்தவர்களில் ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தது நூற்றுக்கு 69 பேர், கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 76.7. அதே மருத்துவமனையில் மூணு பி பெண்கள் 850 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. வெறும் கரண்ட் மட்டும் வைத்தவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தது 46 சதவீதம், கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ போட்டவர்களில் 54. நூற்றுக்கு நூறு என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் பொய் சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். பாதிக்கு மேல் பிழைக்கிறார்கள், அதில் உங்கள் அம்மா இருப்பதற்கு என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்வோம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. எங்களிடம் வந்த ஒரு பூக்கார அம்மாவுக்கு ரத்தப்போக்கு என்று போனதும், கர்ப்பப்பை வாய்ப்பகுதியைப் பார்க்காமல், அங்கிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கிற பாப் டெஸ்ட்கூட எடுக்காமல், வீட்டருகே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் 'கர்ப்பப்பை வீக்கம்' என்று எடுத்துப்போட்டுவிட்டார்கள். எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பியபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது, பாதி உள்ளேயே நின்றிருந்தது. அதன் பிறகு எங்களிடம் வந்தார், வெட்டிய இடத்தில் குடல் வந்து ஒட்டியிருந்தது, அதன் மேலேயே கரண்டும் வைக்கவேண்டியதாயிற்று. பிழைத்தார், ஆனால் வயிற்றுத் தொல்லை போகவே இல்லை. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் 'வாய்ப்பகுதியைப் பார்த்தீர்களா, டெஸ்ட் எடுத்தீர்களா' என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 25 நாள் கரண்ட் முடிந்தது. ரத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்போது 'உள்ளே வைக்கிற கரண்ட்' என்று நாலு தடவை வரச்சொல்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் அது ரொம்பக் கொடுமை என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார், அவள் அழுகிறாள். ஊரில் ஆடிக்குக் கூழ் ஊற்ற வேண்டும். அதான் நின்றுவிட்டதே, போதாதா? இல்லை ஆடி முடிந்து வரலாமா?
– தண்டையார்பேட்டை

பதில்: போதாது, ஆடி முடிந்தும் வரக்கூடாது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பொறுப்பு.

தம்பி, இந்தக் கேள்வியை நான் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ரத்தம் நிற்பது பாதி வேலை முடிந்ததற்கு அடையாளம், முழு வேலைக்கு அல்ல. வெளியே இருந்து வைக்கிற கரண்ட் இடுப்பு முழுக்கப் பரவலாகப் போகிறது. குடல், மூத்திரப்பை எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன, அதனால் 45 முதல் 50 கிரே (கதிரின் அளவைச் சொல்கிற கணக்கு) வரைக்கும்தான் கொடுக்க முடியும். கட்டி இருந்த இடத்துக்கோ அது போதாது, மொத்தக் கணக்கு 85 கிரே பக்கம் வரவேண்டும். அந்த மிச்சத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து கொடுப்பதுதான் உள் கரண்ட், பிராக்கிதெரபி என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். இதன் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. கதிர் வெளிவரும் புள்ளியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலு கால்வாசியாகிவிடும். அதனால் கட்டிக்கு முழு அடி விழும், ரெண்டு விரல் தள்ளி இருக்கிற மலக்குடலுக்குக் கொஞ்சம்தான் படும். ரேடியம் கண்டுபிடித்தது 1898ல், 1903லேயே கர்ப்பப்பை வாய்க்கு இப்படி உள்ளே வைத்துப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் எத்தனையோ புது மிஷின் வந்தும் இதை ஒதுக்கிவைக்க எதனாலும் முடியவில்லை.

உங்கள் மனைவி பயப்படுவது என்ன நடக்கும் என்று தெரியாததால். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். முந்தின நாள் வயிறு சுத்தமாக மருந்து கொடுப்பார்கள், காலையில் வெறும் வயிற்றில் வரவேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பார்கள், அல்லது லேசான மயக்கம் கொடுப்பார்கள். மூத்திரத்துக்கு டியூப் போடுவார்கள். அப்புறம் பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பைக்குள் போகும்படி ஒரு மெல்லிய உலோகக் குழாய், அதன் இரண்டு பக்கமும் சின்ன உருண்டை போன்ற முனைகள் உள்ள குழாய்கள். அசையாமல் இருக்க நீளமான காஸ் துணியைச் சுற்றிலும் திணிப்பார்கள். பிறகு ஸ்கேன். கதிர் அளவைக் கணக்கிடுகிற ஃபிசிசிஸ்ட் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எந்தப் புள்ளியில் எத்தனை விநாடி என்று கணக்குப் போடுவார். இந்த நேரம்தான் கஷ்டம், ஒன்றிரண்டு மணி நேரம் மல்லாந்தபடி அசையாமல் கிடக்கவேண்டும், இடுப்பு கடுக்கும், ஃபேன் காற்றில் கால் சில்லிட்டுப்போகும், ஒரு நல்ல போர்வை கொண்டுபோங்கள். கணக்கு முடிந்ததும் குழாய்களை மிஷினோடு இணைத்துக் கதவைச் சாத்துவார்கள். கம்பி முனையில் குருணை அரிசி அளவு இரிடியம், அதுதான் கதிர் தருகிற பொருள், குழாய் வழியாக உள்ளே போய் அங்கங்கே நின்று நின்று, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பத் தன் பெட்டிக்குள் போய்விடும். அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. வெளியே டிவியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டால் மைக்கில் பேசுவார்கள்.

வலி எப்போது என்றால், கடைசியில் அந்தத் துணியை உருவும்போதும் குழாயை எடுக்கும்போதும். அதைத்தான் பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுமை என்றிருப்பார், அவர் சொன்னதும் பொய்யில்லை, சிலருக்குச் சரியாக மரத்திருக்காது. அதனால் முந்தின நாளே வெட்கப்படாமல் கேளுங்கள்: 'வலிக்கு என்ன கொடுப்பீங்க, எடுக்கும்போதும் கொடுப்பீங்களா?' கேட்கிற நோயாளியை யாரும் மறப்பதில்லை. எத்தனை தடவை என்பது இடத்துக்கு இடம் மாறும், ஏழு ஏழு கிரேயாக நாலு தடவை ஒரு கணக்கு, ஒன்பது கிரேயாக இரண்டு தடவை இன்னொரு கணக்கு. பக்கத்து வார்டில் இரண்டுதானே என்று சண்டை போட வேண்டாம்.

அடுத்து நாள் கணக்கு. முதல் கரண்ட் வைத்த நாளிலிருந்து கடைசி உள் கரண்ட் வரை எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடியவேண்டும். அடிபட்டு மிச்சமிருக்கிற புற்றுநோய்ச் செல்கள் சும்மா இருக்காது, இடைவெளி கிடைத்தால் முன்னைவிட வேகமாகப் பெருகும். அதற்கு மேல் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆடி ஒரு மாசம். கூட்டிப் பாருங்கள். கூழை தண்டையார்பேட்டையிலேயே ஊற்றுங்கள், அங்கே இல்லாத அம்மன் கோயிலா?

கேள்வி: கரண்ட் வைத்துவிட்டு வருகிற என் மாமியார் பேரனைத் தூக்கலாமா? என் மகனுக்கு ஒரு வயது. பாத்திரம், படுக்கை எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம்.
– பல்லாவரம்

பதில்: தாராளமாகத் தூக்கலாம், முத்தமும் கொடுக்கலாம். மிஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிட்டது, உடம்பில் ஒட்டிக்கொண்டு வராது. உள் கரண்டிலும் அந்த இரிடியம் அவர் கதவைத் தாண்டி வருவதற்குள் பெட்டிக்குப் போய்விடுகிறது. புற்றுநோய் தட்டு வழியாகவும் தொற்றாது. தனித்தட்டை இன்று ராத்திரியே எடுத்து உள்ளே வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 12 கரண்ட் முடிந்தது. தினமும் ஏழெட்டுத் தடவை பேதி, மூத்திரம் எரிகிறது. உறவுக்காரர்கள் பழம், கீரை, முளைகட்டிய பயறு கொடு, அதுதான் சத்து என்கிறார்கள். ஒருவர் மூலிகைச் சூரணம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் இடுப்பில் போட்ட கோடு அழிந்துவிட்டது என்று அங்கே திட்டு வேறு.
– ஆவடி

பதில்: கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், திட்டியவருக்காகவும் பரிந்து பேச வேண்டும். அந்தக் கோடும் புள்ளியும்தான் விலாசம். சுவரிலிருந்து வருகிற சிவப்பு லேசர் கோட்டை அதன் மேல் பொருத்தித்தான் தினமும் அதே இடத்தில் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை வெறும் இடுப்போடு வந்து நிற்கிற அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும்! அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், சோப்பு, மஞ்சள், எண்ணெய், பவுடர் வேண்டாம், துண்டால் ஒற்றி எடுங்கள். கோடு மங்கினால் நீங்களே ஸ்கெட்ச் பேனாவால் வரையாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

பேதி இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வரும், கரண்ட் முடிந்து சில வாரத்தில் அடங்கும். சத்து என்று கீரையும் பயறும் கொடுத்தால் இன்னும் போகும், நார் நிறைய உள்ளதை இப்போதைக்கு நிறுத்துங்கள். குழைந்த சாதம், மோர், இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், முட்டை, வேகவைத்த மீன், ஜவ்வரிசிக் கஞ்சி. காரம், எண்ணெய், தனிப்பால் வேண்டாம். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைத்து அடிக்கடி கொடுங்கள், லோப்பரமைட் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் போடுங்கள். ஏழெட்டுத் தடவை என்பது சும்மா விடுகிற கணக்கல்ல, நாளைக்கே சொல்லுங்கள், மூத்திரத்தையும் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், எரிச்சல் கரண்டாலும் இருக்கலாம், கிருமியாலும் இருக்கலாம். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், சிஸ்பிளாட்டின் கீமோ ஏற்கெனவே அதே சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கிறது. சூரணம் வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பொடியை இந்த எட்டு வாரம் மட்டும் ஓரமாக வையுங்கள். கொண்டுவந்தவர் மனம் கோணாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ரத்தம் குறைவாக இருந்தால் ஏற்றச் சொல்வார்கள், ஹீமோகுளோபின் 10க்கு மேல் இருக்கட்டும் என்று பார்ப்பார்கள். அதற்கு இரண்டு பேரை ரத்தம் கொடுக்கத் தயார் செய்துவையுங்கள். தலைமுடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு: இடுப்புக்கு வைக்கிற கரண்டில் தலைமுடி கொட்டாது, வாராந்திர சிஸ்பிளாட்டினிலும் பெரும்பாலும் மொட்டையாவதில்லை.

கேள்வி: சென்னையில் இதற்கு எங்கே போவது? தரமணியில் புரோட்டான் இருக்கிறதாமே, அதில் வைத்தால் பக்கவிளைவே இல்லையாமே? எங்களால் அவ்வளவு முடியாது, அதனால் அம்மாவுக்குக் குறைவான சிகிச்சை கொடுக்கிறோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
– பெரம்பூர்

பதில்: அடித்துக்கொள்ள வேண்டாம். தரமணியில் 2019ல் புரோட்டான் மையம் வந்தது உண்மை, அதுவும் வேறு வகைக் கதிரால் வெளியே இருந்து வைக்கிற கரண்ட்தான். சில மூளைக் கட்டிகளுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் அதனால் நல்ல பலன் உண்டு. உங்கள் அம்மாவின் நோய்க்கு உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சை வெளியே இருந்து கரண்ட் வைக்கிற சாதாரண லீனியர் ஆக்சிலரேட்டர் மிஷின், கூட சிஸ்பிளாட்டின், கடைசியில் உள் கரண்ட். புரோட்டான் இல்லை என்பதால் அம்மா எதையும் இழக்கவில்லை. உள் கரண்ட் வசதி இல்லாத இடத்தில் பளபளப்பான மிஷினில் வைத்தால்தான் இழப்பு, அதனால் எங்கே போனாலும் முதல் கேள்வி 'பிராக்கிதெரபி இங்கேயே இருக்கா?' என்பதாக இருக்கட்டும். ஐஎம்ஆர்டி என்று சொல்கிற முறை கிடைத்தால் நல்லது, குடலுக்குப் போகும் அளவு குறையும். கிடைக்காவிட்டால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பெர்னார்ட் கதிரியக்கவியல் நிலையம் 1934லிருந்து இருக்கிறது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கையோடு ஆரம்பித்தது, டாக்டர் சாந்தா அம்மா 2021ல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. ஒரு காலத்தில் சென்னைப் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்தான் முதலிடம், இப்போது மார்பகம் அதை முந்திவிட்டது, இது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்படியும் வருகிறவர்களில் நிறையப் பேர் முத்திய நிலையில்தான் வருகிறார்கள் என்பது என் வயிற்றெரிச்சல்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கிடைக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலோடு வையுங்கள்.

கேள்வி: கரண்ட் ஆரம்பிக்கும் முன் என் அக்காவுக்கு கிரியாட்டினின் 4.6 என்று வந்தது. முதுகில் ஓட்டை போட்டு மூத்திர டியூப் வைக்கவேண்டும் என்கிறார்கள். கிட்னியும் போய்விட்டதா?
– திருவொற்றியூர்

பதில்: கிட்னி போகவில்லை அம்மா, வாசல் அடைத்திருக்கிறது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றவேண்டிய கழிவு, அடைத்தால் ரத்தத்தில் ஏறும். கட்டி சிறுநீர்க் குழாயை நெரித்தால் மேலே தண்ணீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். டியூப் வைத்தால் தேங்கினது வடியும், பலருக்கு சில நாட்களிலேயே கிரியாட்டினின் மளமளவென்று இறங்கும். இறங்கினால்தான் சிஸ்பிளாட்டின் போட முடியும். கட்டி சுருங்கிய பிறகு பலருக்கு டியூப் கழற்றப்படுகிறது. பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தூங்கும்போது டியூப் மடங்காமல் பாருங்கள், குளிரோடு காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் ஓடுங்கள்.

கேள்வி: பெயரும் ஊரும் வேண்டாம். எனக்கு 38 வயது. சிகிச்சை முடிந்து மூன்று மாதம். நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, ராத்திரி வியர்த்து எழுந்துவிடுகிறேன். கணவர் கிட்டே வந்தாலே பயமாக இருக்கிறது, ஒரு தடவை முயற்சி செய்து ரத்தம் வந்துவிட்டது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பதில்: என்னிடம் கேட்டது நல்லது. உங்களை மாதிரி ஆயிரம் பேர் கேட்காமலே போகிறார்கள், எங்கள் ஆட்களும் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம், அதை நான் ஒத்துக்கொள்ளவேண்டும்.

கரண்டில் சினைப்பை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, ஐம்பதில் வரவேண்டியது உங்களுக்கு 38ல் வந்துவிட்டது. கொதிப்பும் வியர்வையும் அதனால்தான். எலும்பும் சீக்கிரம் தேயும். பெரும்பாலான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்குவாமஸ் வகை, அது ஹார்மோனால் வளர்வதல்ல, அதனால் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் பயாப்சியில், அதாவது சதை டெஸ்டில், எந்த வகை என்று பார்த்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள், கர்ப்பப்பை உள்ளேயே இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தராமல் புரோஜெஸ்டிரானும் சேர்த்துத் தருவார்கள். குழந்தை பெற முடியாது, அதை மூடிமறைக்க விரும்பவில்லை.

பிறப்புறுப்பு உலர்ந்து, சுவர் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கப் பார்க்கும். அதைத் தடுக்க டைலேட்டர் என்று வழவழப்பான குழல் போன்ற ஒன்று உண்டு, சின்னதிலிருந்து பெரிது வரை. சிகிச்சை முடிந்து சுமார் நாலு வாரத்தில் ஆரம்பிப்பார்கள், உங்களுக்குத் தாமதம்தான், ஆனால் பரவாயில்லை. டாக்டர் ஒரு தடவை பரிசோதித்து அளவு சொல்லட்டும், அப்புறம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெல்லி தடவி, மெதுவாக, வாரம் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிஷம். ஒரு சொட்டு ரத்தம் படுவது சகஜம், தொடர்ந்து வந்தால் காட்டவேண்டும். இது தாம்பத்தியத்துக்கு மட்டுமில்லை, பின்னாளில் டாக்டர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவும் வழி திறந்திருக்கவேண்டும். கணவரோடு சேருவதில் தடை எதுவும் இல்லை, அவருக்கு நோயும் தொற்றாது, அவரால் நோய் திரும்பவும் செய்யாது. அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள், வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளேயே.

கேள்வி: சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம். அத்தைக்கு மலத்தில் ரத்தம் வருகிறது. நோய் திரும்பிவிட்டதா? டியூப் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.
– மந்தைவெளி

பதில்: பெரும்பாலும் கரண்டால் மலக்குடல் புண்ணாகியிருக்கும், அந்த நேரத்தில் வருவதுதான். பார்த்து உறுதிசெய்யவேண்டும். ஆனால் ஒரு விஷயம்: டியூப் விடுகிற டாக்டரிடம் 'இடுப்புக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள்' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அந்த முன்பக்கச் சுவரில் தேவையில்லாமல் சதை கிள்ளினால் ஆறாது, ஓட்டை விழுந்து மலம் பிறப்புறுப்பு வழியாக வரும் அளவுக்குப் போகலாம். புண்ணுக்கு மருந்து எனிமாவும், ரத்தக்குழாயைப் பொசுக்கி நிறுத்தும் வழியும் உண்டு.

கேள்வி: கரண்டோடு சேர்த்து ஏதோ புது இம்யூனோ ஊசி வந்திருக்கிறதாம், ஒன்று லட்சக்கணக்கிலாம். போட்டே ஆகவேண்டுமா?
– அண்ணா நகர்

பதில்: பெம்ப்ரோலிசுமாப்பைச் சொல்கிறீர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடுகிற மருந்து. கரண்ட், கீமோவோடு அதைச் சேர்த்ததில் மூன்று வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 82.6 சதவீதம், சேர்க்காதவர்களில் 74.8. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அனுமதித்தார்கள். நல்ல மருந்து, விலைதான் பிரச்சினை. வீட்டை விற்று இதைப் போடச்சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதே 2024ல் இன்னொன்றும் வந்தது, அதற்கு அவ்வளவு விளம்பரம் இல்லை: கரண்டுக்கு முன் ஆறு வாரம், பேக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு பழைய மருந்துகள். ஐந்து வருஷத்தில் 80 சதவீதம், இல்லாமல் 72. இந்தியப் பெண்களும் இருந்த ஆய்வு, இந்த மருந்துகள் நம் ஊரில் எங்கும் கிடைக்கும். எல்லோருக்கும் பொருந்தாது, உடம்பு தாங்கவேண்டும், ஆறு வாரத்தைக் காரணம் காட்டிக் கரண்டைத் தள்ளிப்போடவும் கூடாது. உங்கள் டாக்டரிடம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 17 கரண்ட் முடிந்த நிலையில் காய்ச்சல், பேதி. பயந்துபோய் திருவண்ணாமலைக்குக் கூட்டி வந்துவிட்டோம். 19 நாள் ஆகிறது. இப்போது தேறிவிட்டார். திரும்பப் போனால் திட்டுவார்களே என்று தம்பி யோசிக்கிறான்.
– எழுதியது மகள்

பதில்: திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். விட்ட நாளுக்கு ஈடாகக் கணக்கை மாற்றிப் போட வழி இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை வைப்பது மாதிரி, உள் கரண்டை முன்கூட்டியே கொண்டுவருவது மாதிரி. ஆனால் அந்தக் கணக்கைப் போட அம்மா அவர்கள் எதிரில் இருக்கவேண்டும். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வர இன்னும் பத்து நாளாகும் என்பதால் உங்கள் கடிதத்தில் இருந்த நம்பருக்கு அன்றைக்கே பேசிவிட்டேன், தம்பிதான் எடுத்தார். காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள், ஃபைல், பழைய ஸ்கேன், காப்பீட்டு அட்டை, போர்வை. கோடு அழிந்திருந்தால் அழிந்திருக்கட்டும்.